இரண்டு மழைக்கும் நடுவே ஒரு பழைய லென்ஸ்

நாகர்கோவிலில் கேமரா வைத்துக்கொண்டு வாழ்வதில் ஒரு தொல்லை உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையோடு கணக்கை முடித்துக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அப்படியில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து துணி காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. இடைப்பட்ட மாதங்களில் கடல்காற்று. பீரோவுக்குள் தொங்கும் தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூப்பது எங்கள் வீடுகளில் செய்தியே இல்லை. அதே வெள்ளை லென்ஸுக்குள் பூத்தால்தான் ஆள் பதறிப்போவான்.

மாமாவிடமிருந்து எனக்கு வந்தது ஒரு ஸெனிட் ஈ கேமராவும், அதில் திருகியபடியே இருந்த ஹீலியாஸ் 44-2 லென்ஸும். குவியத்தூரம் 58 மில்லிமீட்டர், ஒளி நுழையும் துளை முழுதாகத் திறந்தால் எஃப் 2. சோவியத் காலத்துச் சரக்கு. இரண்டும் அசல் தோல் உறைக்குள், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில், அந்துருண்டை வாசனையோடு வருஷக்கணக்கில் பத்திரமாக இருந்தன. அந்தப் பத்திரம்தான் வினை. பூஞ்சைக்கு வேண்டியது இருட்டு, அசையாத காற்று, ஈரம், தின்பதற்குக் கொஞ்சம் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ. தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நின்றாலே பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். எங்கள் ஊரில் அது சில நாட்கள் அல்ல, சில மாதங்கள்.

"கண்ணாடிக்குள்ள பூசணம் பிடிச்சிட்டு மக்கா. எடுத்துப் போட்டுட்டு புதுசு வாங்கு," என்றார் மாமா. ஹீலியாஸ் உலகில் அரிதான பொருள் இல்லை; ரஷ்யாவிலும் பெலாரஸிலும் லட்சக்கணக்கில் செய்து தள்ளியிருக்கிறார்கள். ஆனால் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய லென்ஸ்களில் இதுவும் ஒன்று. மோட்டார் கிடையாது, மின்சுற்று கிடையாது, ரிப்பன் கேபிள் கிடையாது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பொருள் கிடைக்காது என்று பட்டது.

முதல் வேலை, எங்கே எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்ப்பது. லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, துளையை எஃப் 2-க்கு முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நேராக அடித்தால் கண்தான் கூசும், ஒன்றும் தெரியாது. சாய்த்தபோது பின்பக்க ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கிக் கிளைத்துக் கிளைத்து ஓடும் வெள்ளை நூல்கள் தெரிந்தன. வட்டமாக, ஓரம் தெளிவாக இல்லாத மூட்டம் என்றால் அது வேறு நோய்: எண்ணெய் ஆவியாகிப் படிந்ததாகவோ, ஒட்டவைத்த கண்ணாடிகளுக்கு நடுவே பிசின் பிரிந்ததாகவோ இருக்கலாம். நூல்நூலாகக் கிளைத்தால் பூஞ்சை.

ஹீலியாஸின் உள்ளமைப்பு எளிது. ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். நடுவில் எட்டு இதழ் கொண்ட துளை. அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு கண்ணாடிகளை ஒட்டவைத்த ஒரு ஜோடி, ஜோடிக்கு வெளியே இருபுறமும் தனிக் கண்ணாடி ஒன்று. 1930-களில் யேனாவில் ஸைஸ் நிறுவனம் செய்த பயோட்டார் லென்ஸின் வழிவந்த வடிவம் இது. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பூஞ்சை ஒட்டவைத்த ஜோடிக்கு நடுவே போயிருக்கிறதா, இல்லை காற்றுப்படும் முகத்தில் நிற்கிறதா? நடுவே போயிருந்தால் வீட்டு வேலையில் ஒன்றும் நடக்காது. லென்ஸை மெல்ல ஆட்டிக்கொண்டே டார்ச் ஒளியில் பார்த்தால், நூல் எந்தப் பளபளப்போடு சேர்ந்து நகர்கிறது என்று தெரியும். இது கடைசிக் கண்ணாடியின் உள்முகத்தில் இருந்தது. அதற்கு எதிரே இருந்த ஜோடியின் முகத்திலும் கொஞ்சம் தாவியிருந்தது. இரண்டும் கைக்கு எட்டும் இடங்கள்.

கருவிகள் அதிகம் இல்லை. இரு முனை கொண்ட லென்ஸ் ஸ்பேனர் ஒன்று இணையத்தில் வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் முனை தடியாக இருந்தது. வளையத்தின் வெட்டுக்குள் இறங்கவில்லை. வடசேரியில் கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெட்டின் அகலத்துக்குச் சரியாக அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். "மெலிசா ராவிரக் கூடாது தம்பி. மெலிசானா வழுக்கும். வழுக்குனா கண்ணாடில கோடு," என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல அறிவுரை அதுதான். முனை வெட்டை நிறைத்து உட்கார வேண்டும்.

மற்றவை உள்ளூர்க் கடைகளிலேயே கிடைத்தன. மருந்துக்கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரைல் கையுறை, காது கழுவும் ரப்பர் பல்பு. அந்தப் பல்பு தூசி ஊத அருமையானது, வாயால் ஊதினால் எச்சில்தான் படும். பேட்டரிக் கடையில் வாலை வடிநீர். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம், லென்ஸ் துடைக்கும் தாள், காது குடையும் பஞ்சுக்குச்சி. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் வீட்டிலேயே இருந்தது.

எங்கே உட்கார்ந்து திறப்பது என்பதற்குத்தான் அதிக யோசனை தேவைப்பட்டது. குளிர்நாட்டுக்காரர்கள் குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, ஆவி தூசியை இறக்கிய பிறகு அங்கே வைத்துத் திறக்கச் சொல்வார்கள். நம் ஊரில் அதைச் செய்தால் லென்ஸுக்குள் இன்னொரு பருவமழையை ஊற்றி மூடுவதுபோல் ஆகும். ஏசி அறையில் தரையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் ஏசியை ஓடவிட்டு, பிறகு ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத் திறந்தேன். காற்று காய்ந்திருக்கும், தூசியும் தரையில் படிந்திருக்கும். மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டால் உருளும் திருகு உருண்டு ஓடாது, கண்ணிலும் படும்.

பின்பக்க வளையத்தின் மரையில் பழைய அரக்குப்பூச்சு காய்ந்து இறுகியிருந்தது. இறுகியதை வலுக்கட்டாயமாகத் திருகினால்தான் வெட்டு சிதையும். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு அசிட்டோனைத் தொட்டு, வளையமும் உலோகக் குழலும் சந்திக்கும் கோட்டில் மட்டும் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. கண்ணாடியின் விளிம்பில் கறுப்பு மை பூசியிருப்பார்கள். உள்ளே சிதறும் ஒளியை விழுங்குவதற்காக. அசிட்டோன் அங்கே ஓடினால் மை கரையும். அதனால்தான் குச்சி நுனி. கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டிய பிறகு ஸ்பேனரை வைத்து, கீழ்நோக்கி அழுத்தியபடியே இடப்பக்கம் திருப்பினேன். ஒரு சின்ன 'டிக்' சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

வெட்டே இல்லாத வளையம் உள்ள லென்ஸ்களும் உண்டு. அவற்றுக்கு நாற்காலிக் காலில் மாட்டும் ரப்பர் புஷ் போதும். விட்டம் பொருந்துவதாகப் பார்த்து அழுத்தித் திருகினால் உராய்விலேயே கழன்றுவரும்.

வளையம் வந்ததும் லென்ஸைத் துண்டின்மேல் கவிழ்த்தேன். கடைசிக் கண்ணாடி மெல்ல இறங்கியது. எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது என்பதை அந்த நொடியிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இரு முகமும் வளைந்த கண்ணாடியைக் கையில் புரட்டிவிட்டால் எது எதுவென்று கண்ணுக்குப் பிடிபடாது. விளிம்பில் பென்சிலால் ஒரு அம்பு, கூடவே மொபைலில் ஒரு படம். அடுத்து வந்த இடைவெளி வளையத்துக்கும் அதற்கடுத்த ஜோடிக்கும் அதேபோல. அதற்கப்பால் துளையின் எட்டு இதழ்கள் தெரிந்தன. எண்ணெய் இல்லை, துரு இல்லை, திறந்து மூடுவதில் தயக்கம் இல்லை. அதைத் தொடவே இல்லை. பழுதில்லாததைச் சும்மா கழற்றிப் பார்க்கும் ஆசை வரும். எட்டு இதழைத் திரும்ப அடுக்குகிற வேலை ஆசைக்குச் செய்யக்கூடியதல்ல. முன்பக்கத்தையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டேன். உள்ளே நாலைந்து தூசி தெரிந்தது. தூசி படத்தில் வராது.

தனிக் கண்ணாடியை முதலில் வடிநீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு விரல் நுனியால் கழுவினேன். தூசி இருக்கும்போதே துடைத்தால் அது உப்புத்தாளாகிவிடும். பெராக்சைடில் அதே அளவு வடிநீர் சேர்த்தால் 3 சதவீதம். அதில் பத்து நிமிஷம் ஊறவிட்டேன். பலர் அமோனியாவும் கலப்பார்கள். எனக்குக் கிடைக்கவில்லை, தேவையும் படவில்லை. அமோனியா எடுப்பவர்கள் பிளீச்சிங் பவுடர் வாடையே அந்த அறையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. ஊறிய பிறகு வடிநீரில் அலசி, ஆல்கஹால் தொட்ட தாளால் நடுவிலிருந்து விளிம்புக்குச் சுருள்சுருளாக ஒரே ஒரு தடவை. தாளை மடித்துப் புது முகத்தில் இன்னொரு தடவை.

ஒட்டவைத்த ஜோடியை ஊறவைக்கவே கூடாது. நடுவில் இருக்கும் பிசினுக்குள் திரவம் ஓரத்திலிருந்து ஏறிவிடும். பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, பூஞ்சை இருந்த முகத்தை மட்டும் ஒற்றி எடுத்தேன்.

நூல்கள் போய்விட்டன. ஆனால் டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தால், அவை ஓடிய தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. பூஞ்சை அமிலம் சுரக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடியின் மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சை அது அரித்துவிடும், விட்டுவைத்தால் கண்ணாடியையும். பூச்சின் செம்பழுப்பு மினுக்கத்தில் நூல் ஓடிய இடங்கள் மட்டும் வெறும் கண்ணாடியாக இருந்தன. இதற்கு மருந்து இல்லை. பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்க்கிறவர்கள் மீதமிருக்கும் பூச்சையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். "வெயில்ல வச்சா போயிரும்" என்பது எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கும் வைத்தியம். வெயிலின் புறஊதாக் கதிர் பூஞ்சையை ஓரளவு கொல்லலாம், ஆனால் செத்த பூஞ்சையும் கண்ணாடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். 

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். ஒவ்வொரு கண்ணாடியையும் இறக்குமுன் ரப்பர் பல்பால் ஒரு ஊது, டார்ச்சில் ஒரு பார்வை. வளையத்தை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றி, மரை 'டொக்' என்று விழும் இடத்தைப் பிடித்த பிறகுதான் வலப்பக்கம் திருக வேண்டும். மெல்லிய மரை, கோணலாக ஏறினால் அதோடு சரி.

ஃபோகஸ் வளையம் கொஞ்சம் கனமாகச் சுற்றுகிறது. பழைய கிரீஸ். அதையும் விட்டுவிட்டேன். காலையில் பிடித்துவைத்ததுபோல் இருக்கும், மதிய வெயிலில் இளகிவிடும். ஃபோகஸுக்காக லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் மரைக்குழலான ஹெலிகாய்டைக் கழற்றினால் பல தொடக்கம் உள்ள மரையில் சரியான தொடக்கத்தைக் கண்டுபிடித்துத் திரும்ப ஏற்ற வேண்டும். அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமையின் பாடு.

என்னிடம் இருப்பது சோனி ஏ6000. லென்ஸின் மரை எம்42, அதாவது 42 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் புரி இடைவெளி. இந்த லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சோனியில் அந்தத் தூரம் 18 மட்டுமே. மீதி 27 சொச்சத்தை நிரப்பும் வெற்றுக்குழல்தான் அடாப்டர். அதற்குள் கண்ணாடி எதுவும் வேண்டாம். கேமராவின் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழ அனுமதி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸே மாட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு கேமரா பேசாமல் இருந்துவிடும்.

கழற்றி மாட்டிய லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க மருந்துவாழ்மலைதான் என் அளவுகோல். பொற்றையடி பக்கத்துச் சாலையில் நின்று மலையின் பாறை விளிம்பை எஃப் 2-இல் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோகஸ் வளையம் கடைசி முட்டுக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே கூர்மை வந்துவிட்டது. அது அடாப்டர் கொஞ்சம் குட்டையாக இருப்பதால், நல்லதுதான். முட்டிய பிறகும் கூர்மை வரவில்லை என்றால்தான் கவலை. பிறகு மலை விளிம்பைப் படத்தின் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன.

இனிமேல்தான் அரித்த தடம் படத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகக் காரணம் கண்டுபிடித்து ஊர்சுற்ற ஆரம்பித்தேன் என்றும் சொல்லலாம்.

தோவாளைப் பூச்சந்தை விடியுமுன்னே சூடுபிடிக்கும். சாக்குச் சாக்காகப் பிச்சியும் அரளியும் கேந்தியும் வாடாமல்லியும் வந்து இறங்கும். இங்கிருந்து கேரளத்துக்குப் போகும் பூ நிறைய, ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கால் வைக்க இடமிருக்காது. எஃப் 2 லென்ஸுக்கு ஏற்ற வெளிச்சம். பூக்குவியலின் மேல் ஒற்றை எல்இடி பல்பு, அதைச் சுற்றி முகங்கள். விளக்கு மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதால் ஷட்டரை 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்று நொடியில் நிறுத்திக்கொண்டால் படத்தில் பட்டை விழாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்தக் கணக்குதான்.

பல்பு படச்சட்டத்துக்கு வெளியே இருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. சம்பங்கியின் வெள்ளை வெள்ளையாகவே வந்தது. பல்பு சட்டத்துக்குள் வந்ததும் படம் முழுக்க ஒரு பால்படலம். நிழலில் கறுப்பே இல்லை. இதில் பாதி பழைய ஒற்றைப்பூச்சு லென்ஸ்களின் பிறவிக்குணம், மீதி அந்தத் தடம். இடது உள்ளங்கையைப் பல்புக்கும் லென்ஸுக்கும் நடுவே பிடித்ததும் கறுப்பு திரும்பி வந்தது. பிறகு 49 மில்லிமீட்டர் மரையில் ஏறும் ரப்பர் ஹுட் ஒன்று வாங்கிவிட்டேன், ஒரு கையாவது மிச்சம்.

கட்டிக்கொண்டிருந்த மாலையிலிருந்து கண்ணெடுக்காமலே ஒரு அக்கா கேட்டார், "பேப்பர்ல வருமா தம்பி?" இல்லை அக்கா, சும்மா, லென்ஸ் சோதிக்கிறேன் என்றேன். "சோதிக்கதுக்கு நாங்கதான் கெடச்சோமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஃபோகஸ் தவறியது. கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸில், சிரிக்கவைத்துவிட்டு எடுக்கலாம் என்று நினைப்பது வீண். முதலில் தூரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் பேச்சுக் கொடுக்க வேண்டும்.

தேரூர்க் குளத்தில் வேறு விதமான சோதனை. சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் சேர்ந்து 2022-இல் ராம்சார் தளமாயின, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். பறவை எடுக்கிறவர்கள் மடை ஓரமாக ஆளுயர டெலிஃபோட்டோ லென்ஸ்களோடு நிற்பார்கள். 58 மில்லிமீட்டரோடு அங்கே போகிறவனை அவர்கள் பார்க்கும் பார்வையில் இரக்கம் இருக்கும். தூரத்தில் நிற்கும் கூழைக்கடா என் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. நான் போனது தாமரை இலைக்காக.

ஹீலியாஸ் வாங்குகிறவர்கள் பாதிப்பேர் அதன் சுழலும் பின்னணிக்காக வாங்குகிறார்கள். முழுத்துளையில், பொருள் ஒன்று ஒன்றரை மீட்டரில், பின்னால் சில மீட்டர் தள்ளி ஒளி ஒழுகும் இலைக்கூட்டம். அப்போது பின்னணி சுற்றிச் சுழல்வதுபோல் வரும். ஏ6000-இன் சென்சார் சிறியது. ஓரத்தை வெட்டிவிடுவதால் சுழலும் பாதியாகிவிடுகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. சுழலை மட்டும் நம்பி எடுத்த படங்கள் எல்லாம் ஒரே படம்போலத்தான் இருக்கின்றன.

அதைவிடப் பயனுள்ள ஒன்றைத் தாமரை இலை காட்டியது. இலைமேல் உருளும் நீர்த்துளிகளில் எதிர்வெயில் பட்டு மின்னும்போது ஃபோகஸைச் சற்று விலக்கினால் ஒவ்வொரு துளியும் ஒளிவட்டமாக விரியும். அந்த வட்டங்களுக்குள் லென்ஸின் பின்கண்ணாடியில் இருக்கும் கோடும் தடமும் நிழலாக விழும். என் வட்டங்களின் ஓரத்தில், நான் டார்ச்சில் பார்த்த அதே கிளைத்த தடம் மெல்லிய வரிகளாகத் தெரிந்தது. ஜோடிக் கண்ணாடியில் இருந்ததன் சாயல் எதுவும் இல்லை. அங்கே சுத்தமாகிவிட்டது என்று அப்போதுதான் உறுதியாயிற்று. பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் காட்டும் கண்ணாடியை மட்டும் பார்க்காமல், தூரத்து விளக்கு ஒன்றைக் குழைய வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

முப்பந்தல் காற்றாலைகளை எடுத்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள், அவ்வளவுதான். மாத்தூர் தொட்டிப்பாலம் அப்படியில்லை. 115 அடி உயரத்தில், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் போகிறது. கீழே பறளியாறு. 1966-இல் கட்டிய பாலம். முழுப்பாலத்தையும் காட்ட அகலக்கோணம் தேடி அலைவார்கள். 58-ஐ மாட்டியதால் நான் தூண்களை மட்டும்தான் எடுக்க முடிந்தது. ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தூணுக்குத் தூண் கறையின் நிறம் வேறு. பாசி, சுண்ணாம்பு வழிந்த வெள்ளை, மழை இறங்கிய கறுப்பு. முன்வெளிச்சத்தில், துளையை எஃப் 5.6-க்குக் குறுக்கினால் இந்த லென்ஸ் இன்றைய லென்ஸ்களுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் போனால் வீடு திரும்பியதும் வேலை இருக்கிறது. காற்றிலேயே உப்பு வரும். உப்பு ஈரத்தைப் பிடித்து இழுக்கும். உலோகக் குழலை வடிநீரில் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் ஆறவிட்ட பிறகே உள்ளே வைக்கிறேன். அதேபோல ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் பையைத் திறப்பதில்லை. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டால் பனி பூத்துவிடும். பைக்குள்ளேயே கால்மணி நேரம் ஊர்வெப்பத்துக்குப் பழகட்டும்.

உள்ளே என்று சொன்னது ஒரு டப்பாவை. சுத்தம் செய்த லென்ஸைத் திரும்பத் தோல் உறையிலும் பீரோவிலும் வைத்தால் அடுத்த ஆடிக்குள் மறுபடி நூல் விடும். மின்சார உலர்பெட்டி வாங்கலாம். என்னிடம் இருக்கிற சாமானின் விலைக்கு அது அதிகம். மூடியில் ரப்பர் பட்டையும் நான்கு பக்கக் கிளிப்பும் உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா, சில நூறு ரூபாய் ஈரமானி, அரைக்கிலோ சிலிக்கா ஜெல்.

மலிவான ஈரமானியை அப்படியே நம்ப வேண்டாம். சோடா பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் குழம்பாக நிற்கும்படி சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஜிப் பைக்குள் வைத்து இரவு முழுக்க மூடிவைக்க வேண்டும். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உப்புக்கு அது மாறாத குணம். என்னுடையது 71 காட்டியது. மேல்மூடியில் '+4' என்று மார்க்கரால் எழுதிவிட்டேன். டப்பாவுக்குள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். இன்னும் காய்ந்தால் நல்லதுதானே என்று 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பரும் கிரீஸும் வறண்டுபோகும்.

சிலிக்கா ஜெல்லில் நீல மணி, ஆரஞ்சு மணி என்று இரண்டு உண்டு. நீலத்தில் நிறம் காட்டுவது கோபால்ட் குளோரைடு, அது உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சை வாங்குங்கள். ஈரம் குடித்துக் கரும்பச்சையானதும் பழைய இரும்புச்சட்டி ஒன்றில் சிறுதீயில் கிளற வேண்டும், சமையலுக்கு வைத்திருக்கும் சட்டியில் வேண்டாம். 120 டிகிரி பக்கத்தில் ஈரம் வெளியேறி ஆரஞ்சு திரும்பும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மணி வெடித்துத் தூளாகும். அந்தத் தூள் லென்ஸ் பக்கமே வரக்கூடாது. சூடு ஆறும்வரை மூடிய தகர டப்பாவில் வைத்து, பிறகு துணிப்பையில் கட்டி உள்ளே போட வேண்டும். திறந்து வைத்து ஆறவிட்டால், ஆறுவதற்குள் நம் ஊர்க் காற்றையே குடித்துப் பாதி பச்சையாகிவிடும். அரிசிக்குள் புதைத்து வைப்பது பற்றிக் கேட்காதீர்கள். அரிசியில் இருக்கிற மாவுதான் பூஞ்சைக்குச் சாப்பாடு.

ஆனால் டப்பாவை மட்டும் நம்பியும் நான் இல்லை. வாரம் ஒருமுறையாவது லென்ஸ் வெளியே போகிறது. தேரூர் வரை, சில வாரம் வடசேரிச் சந்தை வரை, ஒன்றும் முடியாத வாரம் மொட்டைமாடி வரை. வெளிச்சமும் ஓடும் காற்றும் படும் லென்ஸில் பூஞ்சை குடியேறுவது கடினம். படம் நன்றாக வருகிறதா என்பது அந்த நடைகளில் இரண்டாம்பட்சமாகிவிட்டது. மடையில் நிற்கும் பறவைக்காரர்களுக்கு இப்போது என்னைத் தெரியும். "இன்னைக்கும் லென்ஸுக்குக் காத்து வாங்க வந்தாச்சா?" என்கிறார்கள்.

கடிகார அண்ணாச்சி போனவாரம் ஒரு பழைய ஜூம் லென்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்டூடியோ வைத்திருந்த அவர் நண்பருடையதாம். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். நூல் ஒட்டவைத்த ஜோடிக்கு நடுவே ஓடியிருந்தது, ஓரத்தில் பிசினும் வானவில் நிறத்தில் பிரிந்திருந்தது. திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் இன்னும் சில வருஷம் ஓடும், மற்ற லென்ஸோடு சேர்த்து ஒரே டப்பாவில் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். கூடவே உப்பும் சோடா மூடியும் பற்றிச் சொன்னேன். அண்ணாச்சிக்கு லென்ஸைவிட அதில்தான் ஆர்வம். கடையில் கடிகார உதிரிகள் துருப்பிடிக்கிற அலமாரிக்கு ஒரு ஈரமானி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்.